மெலிந்த மடிக்கணினியும் வெப்பக் கணக்கும்

ஒரு பெட்டியின் தடிமனைக் குறைக்க வேண்டுமானால் என்ன செய்வோம்? உள்ளே இருக்கும் பொருள்களில் சிலவற்றை வெளியே எடுத்துவிடுவோம். மற்றவற்றுக்குப் பதிலாகச் சிறிய பொருள்களை வைப்போம். இவை இரண்டும் எவருக்கும் தோன்றும் வழிகளே. ஆனால் அந்தப் பெட்டி ஒரு கணினியாக இருந்துவிட்டால், இந்த இரண்டு வழிகள் மட்டும் போதமாட்டா. பொருள்களைச் சிறிதாக்கலாம், அவை உண்டாக்கும் வெப்பத்தை அவ்வாறு மடித்து வைக்க இயலாது. அது எப்படியாவது வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

மெலிந்த மடிக்கணினிகள் படிப்படியாக எவ்வாறு சீர்பட்டன என்பதைப் பார்த்தால், அது பெரும்பாலும் இந்த வெப்பத்தோடு பொறியாளர்கள் நடத்திய போராட்டத்தின் வரலாறாகவே இருக்கும். இதைப் புரிந்துகொள்ள உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியலே போதும். ஜூல், வாட், வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம் ஆகியவற்றைத் தெரிந்திருந்தால் வாருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

உறைக்குள் அடங்கிய கணினி

2008-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு கண்காட்சி மேடை. ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகங்களில் கடிதம் வைக்கும் பழுப்பு நிற உறை ஒன்றைக் கையில் எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு முழு மடிக்கணினியை வெளியே இழுத்தார். மேக்புக் ஏர் என்று அதற்குப் பெயர்.

மெலிந்த மடிக்கணினி வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பே இருந்தது. 1990-களின் இறுதியில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பெடியன் என்ற மடிக்கணினியை ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தடிமனில் செய்து காட்டியது. சோனி நிறுவனமும் அதன்பின் முயன்றது. ஆயினும் அவை பரவலாகவில்லை. ஆகவே, அடுத்தடுத்த தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்த மேக்புக் ஏரையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் மேக்புக் ஏரின் மிகத் தடித்த பகுதி 19.4 மில்லிமீட்டர். மிக மெல்லிய விளிம்பு 4 மில்லிமீட்டர். திரை 13.3 அங்குலம். எடை 1.36 கிலோகிராம். இந்த அளவை அடைய எதையெல்லாம் இழக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். குறுந்தகடு போடும் பகுதி இல்லை. கம்பி வழி வலையிணைப்புக்கான துளை இல்லை. யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. பாட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாட்ட முடியாது. ஏனெனில் கழற்றும் பாட்டரிக்குத் தனி உறையும் கதவும் பூட்டும் வேண்டும், அவை இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கணினியின் மூளையாகிய செயலியிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. இன்டெல் நிறுவனம் தன் கோர் 2 டுவோ செயலியின் வெளிக்கூட்டை இந்தக் கணினிக்காகவே சுருக்கிக் கொடுத்தது. வழக்கமான கூடு 35 மில்லிமீட்டர் சதுரம். புதியது 22 மில்லிமீட்டர் சதுரம். பரப்பளவைக் கணக்கிட்டால் 1225 சதுர மில்லிமீட்டர் 484 ஆகக் குறைந்திருக்கிறது. அதாவது 60 விழுக்காடு குறைவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுருங்கியது கூடுதான். அதற்குள் இருந்த சிலிக்கன் சில்லு சுருங்கவில்லை. அது உண்டாக்கும் வெப்பமும் பெரிய அளவில் குறைந்துவிடவில்லை. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

ஆற்றல் எங்கே போகிறது?

மின்விசிறிக்குக் கொடுக்கும் மின்னாற்றல் காற்றை நகர்த்துகிறது. நீரேற்றிக்குக் கொடுக்கும் ஆற்றல் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கணினிக்குக் கொடுக்கும் ஆற்றல் என்ன ஆகிறது? "கணக்குப் போடுகிறதே, அதற்குச் செலவாகிறது" என்று வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. விடை பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டும் இரண்டும் நான்கு என்று கண்டுபிடித்தபின், அந்த நான்கிற்குள் ஆற்றல் எதுவும் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. திரையின் ஒளியாகவும் ரேடியோ அலைகளாகவும் வெளியேறும் சிறு பகுதியை விட்டுவிட்டால், பாட்டரி தரும் ஆற்றல் அனைத்தும் இறுதியில் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கணினி மட்டும் விலக்காகிவிட முடியுமா?

முதல் மேக்புக் ஏரின் பாட்டரியில் 37 வாட்-மணி ஆற்றல் இருந்தது. ஒரு வாட்-மணி என்பது 3600 ஜூல். ஆக மொத்தம் 1,33,200 ஜூல். அறை வெப்பநிலையில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, கிராமுக்கு ஏறத்தாழ 294 ஜூல் தேவை. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 450 கிராம் தண்ணீர். ஒருமுறை பாட்டரி தீரும் அளவுக்குக் கணினியைப் பயன்படுத்தினால், மூன்று நான்கு பேருக்குத் தேநீர் போடும் அளவு வெந்நீருக்கான வெப்பம் அந்த மெல்லிய தகட்டிலிருந்து வெளியேறியிருக்கிறது!

அது ஐந்து மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளியேறினால் தொல்லை இல்லை. ஆனால் செயலி கடினமாக உழைக்கும்போது அது மட்டுமே 20 வாட் வரை வெளியிடக்கூடியது என்று வைத்துத்தான் அதன் குளிர்விப்பு அமைப்பைத் திட்டமிட்டார்கள். இந்த 20 வாட்டும் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிலிக்கன் சில்லிலிருந்து வருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 13 வாட். நம் வீட்டு மின் இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிடுவோம். 1000 வாட் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். பரப்போடு ஒப்பிட்டால், சில்லு இஸ்திரிப் பெட்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கொட்டுகிறது.

மெலிந்த பெட்டியின் சங்கடம்

இந்தச் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு இதுதான். சில்லின்மேல் ஓர் உலோகத் தகடு. அதிலிருந்து வெப்பம் ஒரு குழாய் வழியாகப் பெட்டியின் ஓரத்திற்குக் கடத்தப்படுகிறது. அங்கே ஒரு சிறு விசிறி காற்றை ஊதி, வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

பெட்டி தடிமனாக இருந்தால் காற்று தாராளமாகப் போய்வரும். மெலிதாக்கினால் என்ன ஆகும்? இரண்டு தகடுகளுக்கு இடையே சீராக ஓடும் காற்றின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது பாய்ம இயக்கவியலில் தெரிந்த முடிவு. இடைவெளியைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் செல்லும் காற்று பாதியாவதில்லை; எட்டில் ஒரு பங்காகிறது. மெலிவுக்குக் கொடுக்கும் விலை இவ்வளவு கடுமையானது.

விசிறியே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? அதையும் கணக்கிடலாம். கணினியின் அகலம் 32.5 சென்டிமீட்டர், நீளம் 22.7 சென்டிமீட்டர். ஒரு பக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 0.074 சதுர மீட்டர். விசிறியில்லாத ஒரு பரப்பு, வெப்பச்சலனத்தாலும் கதிர்வீச்சாலும், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட் வெளிவிடும். அறையைவிடப் பெட்டி 15 டிகிரி கூடுதலாகச் சூடேறலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் சூடேறினால் மடியில் வைத்திருக்க முடியாது. 10, 0.074, 15 ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது 11 வாட். இது தோராயமான கணக்குத்தான். ஆயினும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் முடிவில் இது மீண்டும் வரும்.

ஆக, 20 வாட் செயலி ஒருபுறம். 11 வாட் தானாக வெளியேற்றக்கூடிய பெட்டி மறுபுறம். இடையிலுள்ள வேறுபாட்டைக் குறுகிய காற்றுவழி கொண்ட ஒரு சிறு விசிறி ஈடுகட்ட வேண்டும். முதல் தலைமுறையில் அது எப்போதும் முடியவில்லை. நீண்ட நேரம் ஒளிப்படக் காட்சிகளை ஓட்டினால் கணினி சூடேறும். சூடு எல்லை மீறாமலிருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில வேளைகளில் அதன் இரண்டு கருக்களில் ஒன்று வேலை செய்யாமல் ஒதுங்கிவிடும். காட்சி விட்டுவிட்டு ஓடும். பயன்படுத்தியவர்கள் பலர் இதை அந்நாளில் எடுத்துக் கூறினர். மென்பொருளில் திருத்தம் செய்து பார்த்தார்கள். ஆனால் வெப்பம் மென்பொருளின் பேச்சை எவ்வளவு தூரம் கேட்கும்?

முதல் திருத்தம்

2008 அக்டோபரில் இரண்டாம் தலைமுறை வந்தது. வெளித்தோற்றம் அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு முக்கிய மாற்றங்கள்.

முதலாவது, செயலி. முந்தைய சில்லு 65 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. புதியது 45 நானோமீட்டர் முறை. டிரான்சிஸ்டர்கள் சிறிதாயின, வெப்ப அளவு 20 வாட்டிலிருந்து 17 ஆகக் குறைந்தது.

இரண்டாவது, வரைவியல் சில்லு. ஒளிப்படக் காட்சி என்பது சுருக்கி அடைக்கப்பட்ட எண்களின் தொகுதி. அதை விரித்துப் படமாக்க வேண்டும். முதல் தலைமுறையில் இந்தச் சுமையின் பெரும்பகுதியைச் செயலியே சுமந்தது. எந்த வேலையும் செய்யத் தெரிந்த பொதுச் செயலி, ஒரே வகை வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஆற்றலை வீணாக்குகிறது. என்விடியா நிறுவனத்தின் புதிய சில்லில், காட்சியை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருந்தது. மரம் வெட்டக் கோடரியும் காய் நறுக்க அரிவாள்மனையும் வைத்திருப்பதைப் போன்றது இது. ஒவ்வொரு வேலைக்கும் உரிய கருவி இருந்தால் உழைப்பு குறையும். கணினியில் உழைப்பு குறைந்தால் வெப்பமும் குறையும்.

விசிறியைப் பெரிதாக்கி இந்தத் தொல்லையைத் தீர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்டான வெப்பத்தை விரட்டுவதைவிட, வெப்பத்தை உண்டாக்காமலிருப்பது மேல். இந்தப் பாடம் அதன்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் தொடர்வதைக் காணலாம்.

சுழலும் தட்டு போயிற்று

2008-இல் கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்டது 80 கிகாபைட் வன்தட்டு. பாட்டுக் கேட்கும் சிறு கருவிகளில் வைக்கப்பட்ட அதே 1.8 அங்குல வகை. அதன் காந்தத் தட்டு நிமிடத்திற்கு 4200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 70 முறை. ஒரு சுற்றுக்கு 14 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். நமக்கு வேண்டிய செய்தி தட்டில் எங்கே இருக்குமோ தெரியாது. ஆகவே சராசரியாக அரைச் சுற்று, அதாவது 7 மில்லிநொடி காத்திருக்க வேண்டும்.

7 மில்லிநொடி மிகச் சிறிய நேரம் என்று தோன்றலாம். ஆனால் செயலியின் துடிப்பு நொடிக்கு 160 கோடி. அந்த 7 மில்லிநொடியில் அது ஒரு கோடிக்கும் அதிகமாகத் துடித்துவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு முறை தட்டைக் கேட்கும்போதும் ஒரு கோடித் துடிப்புகளுக்கு மேல் காத்திருப்பு. காத்திருக்கும்போதும் திரை எரிகிறது, மின்னோட்டம் செல்கிறது, பாட்டரி கரைகிறது.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. ஃபிளாஷ் நினைவகம் என்று அதற்குப் பெயர். ஜப்பானிய அறிஞர் ஃபூஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1980-களில் உருவாக்கியது. இதில் சுழல்வது எதுவும் இல்லை. மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு தீவில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பார்கள். எலக்ட்ரான்கள் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் மற்றொரு குறி. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை தப்பிப் போவதில்லை.

ஆனால் விலை? 2008-இல் மேக்புக் ஏரின் தொடக்க விலை 1799 டாலர். வன்தட்டுக்குப் பதிலாக 64 கிகாபைட் ஃபிளாஷ் வேண்டுமென்றால் மேலும் 999 டாலர் கொடுக்க வேண்டும். 2010 அக்டோபரில் முற்றிலும் திருத்தி அமைக்கப்பட்ட மேக்புக் ஏர் வந்தது. அதில் வன்தட்டே கிடையாது. 11.6 அங்குலத் திரையும் 64 கிகாபைட் ஃபிளாஷும் கொண்ட சிறிய கணினியின் முழு விலை 999 டாலர்! மூன்று ஆண்டுகளுக்குள், நினைவகத்துக்கு மட்டும் கொடுத்த கூடுதல் பணத்தில் முழுக் கணினியே கிடைத்தது.

வன்தட்டுக்கு உலோகக் கூடும் அதிர்ச்சி தாங்கும் இடைவெளியும் வேண்டும். புதிய ஃபிளாஷ் நினைவகமோ சூயிங் கம் துண்டைப் போன்ற ஒரு சிறு அட்டையில் அடங்கியது. மிச்சமான இடம் பாட்டரிக்குச் சென்றது. 13 அங்குலக் கணினியில் 37 வாட்-மணியாகத் தொடங்கிய பாட்டரி 2009-இல் 40 ஆகவும், 2010-இல் 50 ஆகவும் உயர்ந்தது. தடிமன் கூடியதா? இல்லை, 19.4 மில்லிமீட்டரிலிருந்து 17 ஆகக் குறைந்தது. எடையும் 1.32 கிலோகிராமாயிற்று.

சின்னஞ்சிறு வாயில்கள்

அடுத்த முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்தது. செயலியில் உள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு வாயில். அதைத் திறந்து மூடும்போது ஒரு மிகச் சிறிய மின்தேக்கி மின்னேற்றம் பெற்று, பின்பு அதை இழக்கிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிறது. இப்படி வீணாகும் திறனுக்கு ஒரு வாய்பாடு உண்டு:

திறன் = மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் இருமடி × அதிர்வெண்

டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்தேக்குத்திறன் குறையும். குறைந்த மின்னழுத்தத்திலும் அது இயங்கும். மின்னழுத்தம் இருமடியாக வருவதால் அதன் பலன் மிகப் பெரிது. மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பத்து விழுக்காடு மட்டும் குறைத்துப் பாருங்கள். 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. வேகத்தில் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் வெப்பம் 27 விழுக்காடு குறைகிறது!

ஆனால் சுருக்கிக்கொண்டே போவதற்கு ஒரு தடை வந்தது. வாயிலின் அடியில் உள்ள மின்காப்புப் படலம் 65 நானோமீட்டர் முறையில் 1.2 நானோமீட்டர் தடிமனே இருந்தது; ஐந்து அணுக்களை அடுக்கிய உயரம். எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கசியத் தொடங்கின. ஒழுகும் குழாயைப் போல, வேலை செய்யாதபோதும் மின்சாரம் வீணாகியது. 45 நானோமீட்டர் முறையில், சிலிக்கன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஹாஃப்னியம் கலந்த, சற்றுத் தடித்த படலத்தை வைத்து இதைக் கட்டுப்படுத்தினார்கள். 22 நானோமீட்டர் முறையில் டிரான்சிஸ்டரின் வடிவத்தையே மாற்றினார்கள். தட்டையாகக் கிடந்த மின்பாதை மீனின் துடுப்பைப் போல நிமிர்ந்து நின்றது; வாயில் அதை மூன்று பக்கமும் தழுவிக்கொண்டது. மூன்று பக்கமும் பிடித்தால் கசிவு குறையும் அல்லவா?

2011 ஜூலையில் வந்த மேக்புக் ஏரில் 32 நானோமீட்டர் செயலி. முன்பு தனியாக இருந்த வரைவியல் பகுதியும் அதே சில்லுக்குள் வந்துவிட்டது. முன்பு செயலிக்கு மட்டும் 17 வாட். இப்போது இரண்டுக்கும் சேர்த்து 17 வாட். அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற பெயரை அறிவித்தது. ஏசர், ஏசுஸ், தோஷிபா, லெனோவோ போன்ற நிறுவனங்களும் மெலிந்த மடிக்கணினிகளைச் செய்யத் தொடங்கின.

அந்தச் செயலியின் வழக்கமான துடிப்பு 1.7 கிகாஹெர்ட்ஸ். ஆனால் தேவைப்படும்போது சிறிது நேரம் 2.7 வரை தாவும். வெப்ப எல்லை என்னவாயிற்று? குளிர்ந்த தோசைக்கல்லை அடுப்பில் வைத்த உடனே அது சூடாகிவிடுவதில்லை. அதன் வெப்ப ஏற்புத்திறன் சிறிது நேரம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. 15 வாட் கூடுதல் வெப்பம் 20 நொடிகள் வந்தால் 300 ஜூல். அதை 100 கிராம் அலுமினியம் வாங்கிக்கொண்டால், அதன் வெப்பநிலை மூன்று டிகிரிக்குச் சற்று மேல்தான் உயரும். நாம் கணினியில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் இத்தகைய சிறு பாய்ச்சல்களே. ஒரு பக்கத்தைத் திறக்கிறோம், பிறகு படிக்கிறோம். பாய்ச்சலுக்குப் பின் உலோகம் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

2012-இல் 22 நானோமீட்டர் செயலி வந்தது. 2013 ஜூனில் வந்த அடுத்த செயலி, சும்மா இருக்கும் நேரத்தைக் குறிவைத்தது. நாம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு எழுத்துகளைத் தட்டும் இடைவெளியில்கூட, செயலியின் பகுதிகள் உறங்கப் போய்விடும். விசை தட்டப்பட்டதும் விழித்துக்கொள்ளும். 13 அங்குலக் கணினியின் பாட்டரி 50-லிருந்து 54 வாட்-மணியாகத்தான் கூடியது. ஆனால் நிறுவனம் அறிவித்த பயன்பாட்டு நேரம் 7 மணியிலிருந்து 12 மணியாயிற்று!

நீங்களே போடக்கூடிய கணக்கு

பாட்டரியின் வாட்-மணியைப் பயன்பாட்டு நேரத்தால் வகுத்தால், அந்தக் கணினி சராசரியாக எத்தனை வாட் செலவிடுகிறது என்பது வந்துவிடும். 13 அங்குல மேக்புக் ஏருக்கு அதைச் செய்வோம்.

2008: 37 வாட்-மணி, 5 மணி நேரம் — 7.4 வாட்.
2010: 50 வாட்-மணி, 7 மணி நேரம் — 7.1 வாட்.
2013: 54 வாட்-மணி, 12 மணி நேரம் — 4.5 வாட்.
2020: 49.9 வாட்-மணி, 15 மணி நேரம் — 3.3 வாட்.

நேரங்கள் நிறுவனம் அறிவித்தவை. அளக்கும் முறை எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஆகவே கடைசி இலக்கத்தைப் பெரிதாக எண்ணாமல் போக்கை மட்டும் பாருங்கள். 2010-இல் கணினி நீண்ட நேரம் உழைத்தது பெரும்பாலும் பாட்டரி பெரிதானதால். 2013-இல் உழைத்தது செலவு சுருங்கியதால். வருமானம் கூடிச் செழிக்கும் குடும்பத்துக்கும், சிக்கனத்தால் செழிக்கும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

விசிறியும் போயிற்று

2015-இல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் என்ற பெயரில் விசிறியே இல்லாத 12 அங்குல மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. அதன் செயலியின் வெப்ப அளவு 5 வாட்டை ஒட்டியது. ஆனால் அதற்கேற்ப வேகமும் குறைவாகவே இருந்தது.

2020 நவம்பரில் வந்த மேக்புக் ஏரில் 5 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட எம்-1 என்ற சில்லு இருந்தது. அதில் 1600 கோடி டிரான்சிஸ்டர்கள். கருக்கள் எட்டு; நான்கு விரைவாக ஓடுபவை, நான்கு சிக்கனமாக நடப்பவை. எளிய வேலைகளைச் சிக்கனக் கருக்கள் பார்த்துக்கொள்ளும். மேக்புக் ஏர் வரிசையில் முதன்முறையாக விசிறி எடுக்கப்பட்டது. ஆனால் வேகம் முன்னதைவிடக் கூடுதல்.

இப்போது நாம் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? விசிறி இல்லாமல் அந்தப் பெட்டி தானாக வெளியிடக்கூடியது ஏறத்தாழ 11 வாட் என்று கண்டோம். எம்-1 சில்லை அறிமுகம் செய்தபோது மேக்புக் ஏரின் வெப்ப எல்லை என்று அந்த நிறுவனம் குறிப்பிட்ட அளவு 10 வாட். பள்ளிப் பாட இயற்பியல் எவ்வளவு நெருக்கமாக வந்துவிட்டது பாருங்கள். பெட்டியின் பரப்பு 2008-இல் இருந்ததுபோலவே ஏறத்தாழ இன்றும் இருக்கிறது. அது வெளியேற்றக்கூடிய வெப்பமும் அதேதான். பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியது, அந்தப் பத்து வாட்டுக்குள் செய்யக்கூடிய வேலையின் அளவு.

2022-இல் வந்த அடுத்த மேக்புக் ஏரின் தடிமன் 11.3 மில்லிமீட்டர். அதிலும் விசிறி இல்லை. ஆனால் நீண்ட நேரம் கடும் வேலை கொடுத்தால், இந்தக் கணினிகளும் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. எல்லை நீங்கிவிடவில்லை, எட்டத் தள்ளிப் போயிருக்கிறது.

இந்த வளர்ச்சியில் இழந்தவையும் உண்டு. பாட்டரியை எளிதாகக் கழற்ற முடியாது. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. ஒரு பகுதி கெட்டால் பலகை முழுவதையும் மாற்ற நேரிடலாம். ஒரு கணினி மெலிந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து மயங்காமல், அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் திருத்த முடியுமா என்றும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மடிக்கணினி இருந்தால், அதன் அடியிலோ பாட்டரியின் மேலோ ஒட்டப்பட்டிருக்கும் சீட்டைப் பாருங்கள். வாட்-மணி அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். பாட்டரி எத்தனை மணி நேரம் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, வகுத்துப் பாருங்கள். கைப்பேசிக்கும் இதைச் செய்யலாம். விசிறியுள்ள கணினியாக இருந்தால், அதை மெத்தையின்மேலோ தலையணையின்மேலோ வைத்து வேலை செய்யாதீர்கள். காற்று புகும் வழி அடைபட்டால், பொறியாளர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சேமித்துக் கொடுத்த இடைவெளி பயனற்றுப் போகும். பலகையின்மேல் வைத்த கணினி குளிர்ச்சியாகவும் வேகமாகவும் இயங்குவதை நீங்களே உணர்வீர்கள்.